மேடவாக்கம் சிக்னலில் நிற்கும் லாரி

லாரி கேபின்களில் வாக்கி டாக்கி பொருத்துவது என் பிழைப்பு. இன்று காலை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தண்ணீர் லாரி ஷெட்டில் வேலை. எங்கள் அபார்ட்மென்ட்டுக்கும் இவர்கள்தான் தண்ணீர் தருகிறார்கள்.

ஓனர் புலம்பினார். "போன் பண்ணா டிரைவருங்க வாய்க்கு வந்த பொய் சொல்றானுங்க சார். இனிமே எவனும் தப்ப முடியாது."

நானும் தலையாட்டினேன். செட் விற்க வேண்டுமே.

முதல் லாரியில் ஏறினேன். டாஷ்போர்டு முழுக்கச் சாமி படங்கள்.

"சாமிய நவுத்தாத சார், பேஜாராயிடும்" என்றார் டிரைவர் முருகேசன் அண்ணன். சரியென்று செட்டைச் சாமிக்குக் கீழே பொருத்தினேன்.

பத்தடி தள்ளியிருந்த ஆபீஸிலிருந்து ஓனர் டெஸ்ட் செய்தார். "முருகேசா, எங்க இருக்க?"

அண்ணன் பட்டனை அழுத்தினார். பழக்க தோஷம். "மேடவாக்கம் சிக்னல் சார். ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்."

ஓனர் ஜன்னல் வழியே எங்களை முறைத்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. வாக்கி டாக்கி பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே பேசினார். அத்தனையும் எங்கள் கேபினில் கேட்டது.

"வண்டி அப்பவே கெளம்பிடுச்சு மேடம். மேடவாக்கம் சிக்னல்ல நிக்குது."

அடுத்த நிமிடம் என் போன். மனைவி.

"டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்லைங்க. இப்பதான் லாரிக்காரர்கிட்ட பேசினேன், மேடவாக்கம் சிக்னல்ல நிக்குதாம். நீங்க சாப்பிட எப்ப வருவீங்க?"

இன்னும் மூன்று லாரி பாக்கி.

"நானும் அதே சிக்னல்லதாம்மா நிக்கிறேன்" என்றேன்.

மேடவாக்கம் மக்களே, அந்த சிக்னலில் உண்மையிலேயே யாராவது நிற்கிறீர்களா?