அரை இஞ்ச் பிடித்தால் சரியாகிவிடும்

என் தம்பி தையல்காரன். தெருவில் அவனுக்கு 'அரை இஞ்ச்' என்றுதான் பெயர். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வருகிறவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள், "அரை இஞ்ச் புடிச்சா சரியாயிடும், சாயங்காலம் வாங்க" என்பான். ஒருமுறை ஒரு பெரியவர் கால்சட்டையோடு வந்தார். இவன் இடுப்பைப் பிடித்துத் தைத்தே விட்டான். "யோவ், நான் சொல்ல வந்தது பை கிழிஞ்சிருக்குன்னு! இப்ப பையும் கிழிசல், எனக்கு மூச்சும் விட முடியல" என்று அவர் கத்தினார். கடையே சிரித்தது, இவனும்தான். ஆனால் கை தங்கம். அவன் போட்ட தையலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முன்னறையில் மெஷின், பின்னறையில் குடித்தனம். அவன் மனைவி மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பொத்தான் தைப்பாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் குறும்புதான்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள், "ஏங்க, பாவாடை இடுப்புல நிக்கவே மாட்டேங்குது" என்றிருக்கிறாள். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "குடு இங்க" என்று வாங்கி அரை இஞ்ச் பிடித்துக் கொடுத்துவிட்டான். கொஞ்ச நாளில் மறுபடியும் நழுவியது. மறுபடியும் பிடித்தான். பிறகு சட்டைத் தோள் இறங்கியது. அதையும் பிடித்தான். "உங்க தையல்தான் லூசாயிடுச்சோ என்னவோ" என்று அவள் சீண்டியதும் இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தையலைக் குறை சொன்னால் தாங்குவானா? துணிதான் தளர்கிறது என்று முடிவு கட்டினான். வெந்நீரில் முக்கி எடுத்தான். சோப்பை மாற்றினான். துணிக்கடைக்காரரிடம் போய்ச் சண்டையும் போட்டான். "ஒரே துணியை எத்தனை தடவைய்யா புடிக்கிறது? என்ன, ரப்பர்ல நெய்து விக்கிறியா?" அவர் அமைதியாக, "இதே துணிதான் என் வீட்டுலயும் கட்டறாங்க. அங்க ஒண்ணும் நழுவலையே" என்றாராம். அந்த வார்த்தையாவது காதில் ஏறியிருக்கக் கூடாதா?

நான் இருப்பது தூரத்தில். மழை விட்ட பிறகுதான் வந்தேன். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"என்னம்மா இது, கன்னமெல்லாம் எங்க போச்சு?"

"அதையும் உங்க தம்பி புடிச்சுத் தச்சுட்டாரு அண்ணி."

சிரித்துவிட்டோம். வேலை அதிகம் போல, அதனால் வந்த இளைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கென்று ஒரு துணி வாங்கி வந்திருந்தேன். தைக்கச் சொன்னதும் இவன் கொடியிலிருந்து அவளுடைய பழைய சட்டையை அளவுக்கு உருவினான். கல்யாணமானதிலிருந்தே அப்படித்தான். ஊருக்கெல்லாம் டேப் போடுவான், அவளுக்கு மட்டும் பழசைப் பார்த்துப் புதுசு. எனக்கு அது பிடிக்கவில்லை.

"உடம்புல அளந்து தைடா."

"எனக்குத் தெரியாத அளவாக்கா?"

"தெரிஞ்சா இருந்துட்டுப் போகட்டும். அளக்கிறதுன்னா அள, இல்லன்னா துணியைக் குடு, வேற கடைக்குப் போறேன்."

முனகிக்கொண்டே டேப்பை அவள் இடுப்பில் சுற்றினான். எண்ணைப் பார்த்தான். டேப்பைத் திருப்பிப் பார்த்தான். "இது இழுபட்டுப் போச்சு" என்று உள்ளே போய்ப் புது டேப் எடுத்து வந்தான். அதுவும் அதையேதான் சொன்னது.

"டேப் ரெண்டும் சரியாத்தாங்க இருக்கு" என்றாள் அவள். "எனக்குத்தான் சோறு இறங்கவே மாட்டேங்குது."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. பாவாடை நிக்கலைன்னு ஆரம்பிச்சேன். குடு இங்கன்னீங்க. மெஷின் ஓட ஆரம்பிச்சிடுச்சு."

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எப்பலேருந்து இளைக்கிறாங்க?" என்று கேட்டார். இவன் யோசித்து, "இடுப்புல ரெண்டு இஞ்ச், தோள்ல ஒண்ணு" என்றான். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை மாசமான்னு கேட்டேங்க." அது இவனுக்குத் தெரியவில்லை. வயிற்றில் கட்டியாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஆபரேஷன் செய்து பார்த்திருக்கலாமாம். இப்போது பரவிவிட்டது, வீட்டில் வைத்து வலிக்கு மாத்திரை கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நான் திரும்பிப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன். அவள் பின்னறைக் கட்டிலில் கிடக்கிறாள். இவன் வாடிக்கை வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு அவளுடைய சட்டைகளையும் பாவாடைகளையும் பிரித்துக்கொண்டிருக்கிறான். எப்போது பிடித்தாலும் உள்ளே துணி விட்டுத்தான் பிடிப்பான், பின்னால் தளர்த்த வேண்டி வந்தால் ஆகும் என்று. பிடித்த ஒவ்வொன்றையும் பிரித்து, பழைய அளவுக்குத் தைத்து, இஸ்திரி போட்டு, அவள் கண்ணுக்கெதிரே கொடியில் மாட்டுகிறான்.

"உடம்பு தேறினா போட்டுக்கணும்ல அக்கா."

"டேய், அவளுக்கு இப்ப சட்டை வேணாம்டா. உள்ள போய்ப் பக்கத்துல உட்காரு."

"இதோ, இந்த ஒண்ணுதான்."

நேற்று அவளே கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை. "ஏங்க, கொஞ்சம் இங்க..."

"என்ன, இடுப்பு இறுக்குதா? குடு இங்க, அரை இஞ்ச் தளர்த்திடுறேன்" என்றான், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடியும் கூப்பிடவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.