எண்பதுக்கு மேல் நடுக்கம்

எங்கள் கார் எண்பதைத் தாண்டினால் நடுங்கும் என்று முதலில் சொன்னவர் என் மருமகன்தான். சென்ற தை மாதம், பொங்கல் கழிந்த கிழமை, மகளும் அவருமாக வவுனியாவில் ஒரு கலியாணத்துக்குக் காரைக் கொண்டுபோய்த் திரும்பியிருந்தார்கள். கார்த் திறப்பைக் கையில் தரும்போதே சொன்னார்.

"மாமா, எண்பதுக்கு மேலை ஸ்ரியரிங் உதறுது. கீழை மில் ஓடுற மாதிரி ஒரு சத்தமும் வருது. ஒருக்கால் பாக்கவேணும்."

எதையும் நாள் குறித்து நினைவில் வைப்பது என் பழக்கம். ஊரில் எந்த மழைக்கு எந்த மதகு உடைந்தது, எந்த ஆண்டு வெங்காயம் அழுகியது என்று கேட்டால் சொல்லுவேன். அந்தப் பழக்கம் அன்றைக்கும் வேலை செய்தது. கார் போகும்போது நன்றாக இருந்தது; வரும்போது நடுங்குகிறது; இடையில் ஓட்டியவர் ஒருவர். வாயால் எதுவும் சொல்லவில்லை. மனதில் எழுதிக்கொண்டேன்.

அவர் குருநகர் ஆள். கத்தோலிக்கர். ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்; தகப்பனுக்குச் சொந்தமாக வள்ளமும் வலையும் உண்டு. நாங்கள் உரும்பிராயில் தோட்டம் செய்யும் சைவக் குடும்பம். மகள் அவரை மணந்த பிறகு இரண்டு வருடம் நான் அவர்களுடைய வாசற்படலையைத் திறக்கவில்லை. மகள் வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகே போக்குவரத்துத் தொடங்கியது. சம்பந்தி மனைவியை இழந்தவர். பிள்ளைக்காக வன்னிக் காட்டில் உள்ள மடுமாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தார். ஆவணித் திருவிழாவுக்கு எல்லோரும் ஒரே காரில் போவோம் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார். நான், மனைவி, மகள், மருமகன், அவர். ஐந்து பேருக்குக் கணக்காக இடம்; பிறக்கப்போகும் பிள்ளைக்கு மகளின் மடி. இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போகும் முதல் பயணம் அது. அதற்குள் கார் சரியாக வேண்டும்.

வீட்டைச் சுற்றி உள்ள வீதிகளில் எண்பது என்பது நடக்காத காரியம். மாடு, சைக்கிள், ஓட்டோ, வளைவு. அதனால் ஞாயிறு காலைகளில் கொடிகாமம் தாண்டிக் கண்டி வீதியில் வைத்துத்தான் நோயைத் தேடினோம். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் இருந்து காது கொடுப்பேன்.

"இப்ப எழுபத்தைஞ்சு மாமா. ஒண்டும் இல்லை."

"கதையாதையும் தம்பி. கேக்க விடும்."

"கார் கதைக்கலாம், நான் கதைக்கக் கூடாதோ?"

எண்பது தாண்டியதும் ஸ்ரியரிங் உதறத் தொடங்கும். கியரை விடுவித்து உருள விட்டோம், உதறல் நிற்கவில்லை. ஆகவே எஞ்சின் அல்ல. பிறேக்கை மெல்ல அழுத்திப் பார்த்தோம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே பிறேக்கும் அல்ல. அடுத்த ஞாயிறு முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றிப் பூட்டினோம். இப்போது ஸ்ரியரிங் அமைதியாக இருந்தது. உதறல் என் இருக்கைக்கு அடியில் வந்தது.

"பாத்தியளே மாமா, நோய் இடம் மாறிப் போச்சு! அப்ப அந்த ரண்டு சில்லுதான்."

அவர் சிறுபிள்ளை போலச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் காலைகளில் அவரை எனக்குப் பிடித்துப் போனது என்பதையும் சொல்லவேண்டும்.

கோண்டாவில் பக்கத்தில் ஒரு ரயர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் சில்லைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார்.

"ஐயா, சில்லு சமனாச் சுத்துறதுக்கு உள்ளுக்கு ஈயம் ஒட்டியிருக்கும். உங்கடை சில்லு ரண்டிலையும் ஒண்டும் இல்லை. ஆரோ வடிவாச் சுரண்டி எடுத்திருக்கினம்."

அப்போது நான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் தை மாதத்திலிருந்து அந்த இடம் எனக்குள் தயாராகத்தான் இருந்தது.

"பின்னை என்ன, குருநகருக்குப் போய் வாற கார். வலையிலை கட்ட ஈயத்தைக் கண்டா வலைக்காரர் விடுவினமோ?"

கடைக்காரர் சிரித்தார். மோட்டார்சைக்கிள் ரயருக்குக் காற்றடிக்க நின்ற ஒருவர், "கவனம் ஐயா, அடுத்த முறை ரயரையும் கழட்டி வள்ளத்துக்குக் கட்டிப்போடுவினம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தார், மற்றவர்களை விடச் சற்றுப் பிந்தி.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து புது ஈயத்தை எடுத்தார். விரல்நக அளவில் சாம்பல் நிறச் சதுரங்கள், வரிசையாக ஒட்டியபடி. பார்த்ததும் என் காது சூடாகியது. அந்தச் சதுரங்களை நான் முன்பே கண்டிருக்கிறேன். நவராத்திரிக்கு முன் நாலு சில்லையும் கழற்றி உள்ளும் புறமும் கழுவுவது என் வழக்கம். போன முறை இரண்டு சில்லின் உட்புறத்தில் ஊத்தை பிடித்துக் கறுத்த கட்டிகள் இருந்தன. தார் என்று நினைத்து ஸ்க்ரூ டிறைவரால் நெம்பி எடுத்தேன். மற்ற இரண்டையும் கழுவுமுன் மழை வந்துவிட்டது. அதன் பிறகு கார் ஊருக்குள் மட்டும்தான் ஓடியது. முதன்முதல் எண்பது கண்டது அந்த வவுனியாப் பயணத்தில்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். காற்றடிக்க நின்றவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஈயம் ஒட்டியபின் ஓட்டிப் பார்க்க ஆனையிறவுப் பக்கம் போனோம். எண்பது, எண்பத்தைந்து. ஒரு சத்தமும் இல்லை. மருமகன் வேகத்தை வாசித்துச் சொல்லவில்லை. முள்ளை நானே பார்த்துக்கொண்டேன். பளை தாண்டியதும் சொன்னேன்.

"தம்பி, அந்த ஈயத்தைக் கழட்டினது நான்தான். தார் எண்டு நினைச்சுப்போட்டன்."

"ஓம்."

"நான் கடையிலை சொன்னது பிழை."

சிறிது தூரம் போனபின் சொன்னார். "அங்கை நிண்ட ஆக்களுக்கு நான் ஆரெண்டு தெரியாது மாமா. உங்களுக்குத் தெரியும்."

உப்பளக் காற்று கண்ணாடியில் அடித்தது.

"உங்கடை அப்பாட்டை வந்து கதைக்கட்டோ?"

"வேண்டாம். அவர் மடுவுக்குப் போகப் புதுச் சேட்டு எடுத்து வைச்சிருக்கிறார். அவருக்கு ஒண்டும் தெரிய வேண்டாம்."

ஆவணியில் போனோம். சம்பந்தி முன் இருக்கையில், புதுச் சேட்டோடு, முழங்காலில் ஒரு பை மெழுகுதிரியோடு. வன்னிக்குள் வீதி நேராக விரிந்ததும் கார் வேகமெடுத்தது.

"கடல் அடங்கின மாதிரியெல்லோ ஓடுது! இதையோ நடுங்குது எண்டவை? என்ன பிழையாம் சம்பந்தி?"

மருமகன் வாய் திறக்குமுன் நான் சொன்னேன். "சில்லிலை ஒட்டியிருந்த ஈயத்தை நான்தான் தாரெண்டு கழட்டி எறிஞ்சுபோட்டன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். திரும்பி என் முழங்காலில் தட்டினார். "எங்களிட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, வலை ஈயத்திலை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்திருப்பனே! பாத்தியே தம்பி, இந்த வயசிலை தன்ரை பிழையைத் தானே சொல்லுற மனுசன் எத்தினை பேர்?"

என் மனைவி சிரித்தாள். மகள் மடியில் பிள்ளையோடு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடையில் நான் சொன்னது அவளுக்கும் தெரியும் என்று அப்போதுதான் விளங்கியது. மருமகன் வீதியிலிருந்து கண் எடுக்கவில்லை. கொஞ்சமும் நடுங்காத ஸ்ரியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

நான் சொன்னது பாதி. அந்தப் பாதிக்குக் கிடைத்த புகழை மறுக்க வேண்டுமானால் மற்றப் பாதியைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாதே என்று கேட்டவர் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி மடு வரையும் என்னைப் பற்றி நல்லதாகவே கதைத்துக்கொண்டு வந்தார்.