ஐந்து வருஷம் உழைக்கும் ஷூ: வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஒரு புதன்கிழமை

வேலூருக்குக் கோட்டை பார்க்கப் போகிறவர்களும் இருப்பார்கள். நாங்கள் மதுரையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் செல்வினுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. உள்ளூர் டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் வேலூர் போய்ப் பாத்துருங்க" என்றார். அன்றைக்குப் போன தூக்கம் எனக்குத் திரும்பி வரவே இல்லை.

திங்கட்கிழமை கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை முடிவு. அதுவரை லாட்ஜில் காத்திருக்க வேண்டும். அறை வாடகை நாளுக்கு 650 ரூபாய். ஒரே ஒரு ஜன்னல், திறந்தால் எதிரே மருந்துக்கடை போர்டு. இந்த மாதிரி வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள், ஆனால் மருந்துக்கடையைப் பார்க்காத பக்கமாகக் கேட்டு வாங்குங்கள்.

செல்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் பாட்டு நடத்துகிறவர், பெரிய விசுவாசி. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சபை வாட்ஸ்அப் குழுவில், "சுகம் பெற்றுக்கொண்டேன், ஸ்தோத்திரம்" என்று போட்டுவிட்டார். எங்கள் சபையில் இது வழக்கம். கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக விசுவாசத்தோடு அறிக்கை செய்வோம். ஆமென்கள் வந்து குவிந்தன. ஒரு அக்கா, செல்வின் சபையில் சுகமான சாட்சி சொல்வதற்கு ஞாயிற்றுக்கிழமையையே குறித்துவிட்டார்.

டாக்டர் வேறு மாதிரி சொன்னால்? யாருடைய விசுவாசம் குறைந்தது என்று தேடுவார்கள். முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். "பயமா இருக்குங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னேன்.

"அப்படிச் சொல்லாத ஷீலா. வாயில வர்றதுதான் நடக்கும்" என்று நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை அந்த அறையில் இன்னொரு பகல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. "ஆம்பூர் போய்ப் பிரியாணி சாப்பிட்டு, உங்களுக்கு ஒரு ஷூவும் வாங்கிட்டு வருவோம்" என்றேன். புதிய பேருந்து நிலையத்திலிருந்து வாணியம்பாடி, திருப்பத்தூர் போகும் பேருந்துகள் அடிக்கடி உண்டு. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். நாங்கள் போனபோது டிக்கெட் ஆளுக்கு 45 ரூபாய். பள்ளிகொண்டா தாண்டினால் தென்னந்தோப்புகள் அழகாக இருக்கும் என்பார்கள். நான் அவர் கழுத்துப் பிளாஸ்திரியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். ஆம்பூர் நெருங்கும்போது தோல் பதனிடும் வாடை வரும், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். "ஷூ கடையா, பிரியாணியா? ரெண்டும்னா மொதல்ல ஷூ பாருங்க. துன்னுட்டுக் குனிய முடியாது" என்றார். 60 ரூபாய் பேசி ஏறினோம். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சார், கழுத்துல பிளாஸ்டரு? ஒடம்பு சரியில்லயா?" என்றார்.

"சரியில்லாம இருந்துச்சு. இப்ப சுகமாயிட்டேன்" என்றார் செல்வின். நான் வெளியே பார்த்தேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக ஷூ கடைகள். ஏற்றுமதியில் மிஞ்சியதும் சின்னக் குறையுள்ளதும் மலிவாகக் கிடைக்கும். கடைக்கார பாய் ஒரு கறுப்பு ஷூவை எடுத்துக் கொடுத்தார். 1,800 ரூபாய். செல்வின் போட்டு நடந்து பார்த்தார், அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"வெல கம்மின்னு யோசிக்காதீங்க சார். அசல் தோலு. தெனம் போட்டாலும் அஞ்சு வருஷம் உழைக்கும்" என்றார் பாய்.

செல்வின் உட்கார்ந்தார். கயிற்றை மெதுவாக அவிழ்த்து, இரண்டையும் பெட்டியில் வைத்து மூடினார். "அவ்வளவு நாள் உழைக்கிறது எனக்கு வேணாம் பாய். சும்மா ஒரு ரப்பர் செருப்பு இருந்தா காட்டுங்க."

சபை முழுக்கச் சுகம் என்று சொன்ன மனிதர் ஐந்து வருஷத்துக்கு ஒரு ஷூ வாங்கத் துணியவில்லை. என்னைவிட அவர் பயந்துபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம்.

பிரியாணிக் கடையில் பகல் கூட்டம். மட்டன் பிரியாணி 260 ரூபாய், சீரகச் சம்பா, கூடவே கத்திரிக்காய்த் தொக்கு. சாப்பாட்டு ஜெபம் என்றால் செல்வின் ஊர் உலகத்தையெல்லாம் சுற்றி வருவார். பிள்ளைகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து சாம்பார் ஆறுவதைப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கண்ணை மூடினார், சத்தமே வரவில்லை. பரிமாறுகிறவர் தொக்கு வாளியோடு வந்து நின்றார்.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு" என்றார். "சுகமாயிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எனக்குத் தெரியல. அந்த ஷூ தேயிற வரைக்கும் என்னை இருக்க விடும். இல்லன்னா ஷீலாகூட நீர் இரும்."

ஆமென் சொல்ல வேண்டியவள் நான். பரிமாறுகிறவர்தான் மெதுவாக, பள்ளிவாசலில் சொல்வது போல "ஆமீன்" என்றார். பிறகு தொக்கை ஊற்றி, "துன்னுங்க சார், ஆறிடும்" என்று அடுத்த மேசைக்குப் போனார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டோம். ருசி எப்படி என்று கேட்காதீர்கள், சத்தியமாக நினைவில்லை.

திரும்பும் பேருந்தில் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினார். "இன்னும் சுகமாகல. நாளைக்கு ரிசல்ட். பயமா இருக்கு, ஜெபிங்க." இந்த முறை ஆமென்கள் குவியவில்லை. பிறகு பாஸ்டர் கூப்பிட்டார். "டாக்டரைப் பாக்குற நேரத்தை மட்டும் சொல்லுங்க தம்பி. நாங்க முழங்கால்ல இருக்கோம்."

வியாழக்கிழமை டாக்டர் ஃபைலைத் திறந்து, "பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார்.

"பயமாத்தான் இருக்கு டாக்டர். சொல்லுங்க" என்றார் செல்வின், என் கையைப் பிடித்துக்கொண்டு.

நிணநீர்க் கட்டியில் புற்றுநோய். ஆறு மாதம் சிகிச்சை. குணமாகிறவர்கள் உண்டு, உறுதி சொல்ல முடியாது என்றார்.

இதை வேலூரில் மாத வாடகைக்கு எடுத்த அறையிலிருந்து எழுதுகிறேன். நீண்ட சிகிச்சை என்றால் லாட்ஜ் கட்டுப்படியாகாது. சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறைகள் பக்கத்துத் தெருக்களிலேயே கிடைக்கின்றன. கூட வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தைரியசாலி போல நடிக்காதீர்கள், அது நோயாளியைத் தனியாக்கிவிடும்.

போன சனிக்கிழமை நான் மட்டும் ஆம்பூர் போய் அந்த ஷூவை வாங்கி வந்தேன். மருந்தில் கால் வீங்கும் என்றார்கள், அதனால் ஒரு அளவு பெரிதாக. அவர் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரை நடந்தார்.

நாளைக்கு இரண்டாவது முறை மருந்து ஏற்றுகிறார்கள். பயம் போகவில்லை. தினமும் ஜெபத்தை அதிலிருந்துதான் தொடங்குகிறோம். இப்போது அவர் தூங்குகிறார். சற்றுமுன் வாசலில் கிடந்த ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடி இன்னும் தேய ஆரம்பிக்கவே இல்லை.