இடுப்பு வரைக்கும் செருப்பு

அந்தத் தெருவில் தையல்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நாளைக்கு’ என்பார்கள். பெண்கள் உடுப்பும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் தைப்பவர். தையல் அவ்வளவு நறுவிசாக இருக்கும், கைக்கு வந்து சேர்ந்தால். எப்போது போய்க் கேட்டாலும், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, “நாளைக்கு வாங்க” என்று கூசாமல் சொல்வார். வேலை தீயாய் நடப்பது மாதிரி மிதியை மட்டும் வேகமாக மிதிப்பார்.

தெரு முடிகிற இடத்தில் சதுப்பு நிலம். மேலே ஆகாயத்தாமரை, கீழே சேறு, நடுவில் ஊரார் தூக்கிப் போட்ட மெத்தையும் டயரும். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை யாரோ கட்டட இடிபாடு கொட்டி அடைத்துவிட்டார்கள். அதனால் மழைத்தண்ணீர் சதுப்புக்குப் போக வழி தெரியாமல் தெருவுக்குள் திரும்பி, வீடு வீடாக நுழைந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

இதைச் சரி பண்ண வேண்டும் என்று முதலில் கிளம்பியவர் மருந்துக்கடை அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்தில் கொஞ்சம் பேரைத் திரட்டி ஆகாயத்தாமரையைப் பிடுங்க ஆரம்பித்தார். சேற்றில் இறங்கிய எல்லாருக்கும் காலில் அரிப்பு. அக்கா கடையில் இருந்த களிம்பு மொத்தமும் விற்றுத் தீர்ந்தது. “சதுப்பைக் காப்பாத்துறேன்னு சொல்லி மருந்து விக்கிறாங்க” என்று ஒரு பேச்சு கிளம்பியது. அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராகத் தையல் கடைக்கு வந்தார்.

“சேத்துல போட்டுக்கிற மாதிரி இடுப்பு வரைக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க.”

“நான் ஆம்பளைங்க பேண்ட்டைத் தொடுறதில்லைக்கா.”

“இது பேண்ட் இல்ல. இடுப்பு வரைக்கும் வர்ற செருப்புன்னு வச்சுக்குங்க.”

“செருப்பு தைக்கிறவர் அடுத்த தெருவுல இருக்காரு.”

உள்ளே பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். “தைச்சுக் குடுப்பாருக்கா. போன மழையில கட்டிலுக்கு அடியில மீன் கிடந்துச்சு. நான்தான் கூட்டித் தள்ளினேன், இவரில்ல.”

அதோடு பேச்சு முடிந்தது.

துணிக்கு எங்கே போவது? பேனர் அடிக்கிறவர் பழைய பிளெக்ஸ் பேனர்களைச் சும்மா கொடுத்தார். தண்ணீர் ஒட்டாத சரக்கு. ஆனால் முக்கால்வாசி பேனரில் அந்த வட்டாரக் கவுன்சிலரின் பிறந்தநாள் சிரிப்புதான் இருந்தது. தையல்காரர் துணியை வீணாக்காதவர். எப்படி வெட்டினால் மிச்சம் விழாது என்று பார்த்தாரே தவிர, எது எங்கே வருகிறது என்று பார்க்கவில்லை. ஊசிமேல் ஊசியாக உடைந்தது. ஒருவழியாக ஒன்று உருவானது.

“தைச்சவரே இறங்கிப் பார்க்கட்டும்” என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை கரையில் நல்ல கூட்டம். தையல்காரர் அதை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடந்து, சேற்றில் இறங்கினார். நாலெட்டு வைத்ததும் முகம் மாறியது. ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் உள்ளே வந்தது. இரண்டு காலும் குடம்போல நிரம்பின. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

“கயிறு போடுங்க!” என்று கத்தினார்.

யாரோ கயிறு எடுக்க ஓடினார்கள். கரையிலிருந்த ஒரு அம்மா இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.

“என் பொண்ணு கவுன் எப்ப தருவீங்க?”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கரையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். கடையிலென்றால் பொத்தான் வாங்கப் போவதாகச் சொல்லிப் பின்வாசல் வழியாக நழுவலாம். இங்கே எங்கே நழுவுவது?

“நா…” என்று ஆரம்பித்தார். வழக்கமான வார்த்தை வாயில் வருவதற்குள் இன்னும் ஒரு சாண் இறங்கினார். “இன்னைக்குச் சாயங்காலம்!”

“என் பையன் சீருடை?”

“புதன்கிழமை!”

“போன வருஷம் கொடுத்த என் பாவாடை?”

“அது அப்பவே முடிஞ்சிருச்சும்மா, எங்க வச்சேன்னுதான் தெரியல. தேடித் தர்றேன், கயிறைப் போடுங்க!”

கயிறு வந்தது. எல்லாருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். தையல்காரர் வந்தார், பிளெக்ஸ் வரவில்லை. பூப்போட்ட அரைக்கால் டிராயரோடு கரையேறியவருக்கு மனைவி தன் துண்டைக் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கவுன் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டில் நம்பாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களாம்.

“தையல் ஓட்டையை அடைக்கணும்னா என் தம்பிகிட்டதான் போகணும்” என்றாள் மனைவி. தம்பி பஞ்சர் கடை வைத்திருக்கிறவன். சட்டை அளவு விஷயத்தில் அவனுக்கும் இவருக்கும் சண்டையாகி, பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. தையல்காரர் மென்று விழுங்கிக்கொண்டு போனார்.

“மாப்ள, பஞ்சர் ஒட்டணும்.”

“எதுக்கு மாமா, சைக்கிளுக்கா?”

“எனக்கு.”

அவன் சிரித்த சிரிப்பில் சண்டை போன இடம் தெரியவில்லை. மிச்சமிருந்த பேனரில் புதிதாக ஒன்று தைத்து, தையல் ஓடிய இடமெல்லாம் பழைய டியூபை வெட்டி, பசை தடவி ஒட்டினார்கள். இரண்டு பேரும் விரல்கள் ஒட்டிக்கொண்டு அவதிப்பட்டார்கள். ஆனால் தண்ணீர் உள்ளே வரவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் வேலை சூடு பிடித்தது. ஆகாயத்தாமரை மலைபோலக் கரையேறியது. அரிப்பில்லை என்று தெரிந்ததும் ஆட்கள் கூடினார்கள். தையல்காரர் ஆளுக்கொன்றாகத் தைத்துக் கொடுத்தார். இதைக் கேள்விப்பட்டுக் கவுன்சிலர் போட்டோக்காரரோடு வந்து இறங்கினார்.

வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சேற்றில் வரிசையாகக் குனிந்து நின்றவர்களின் பின்பக்கத்திலெல்லாம் அவரே சிரித்துக்கொண்டிருந்தார். பெரியதும் சின்னதுமாக, சிலவற்றில் ஒரு கண் மட்டும். போட்டோக்காரர் படம் எடுப்பதா வேண்டாமா என்று முழித்தார்.

“இது யார் தைச்சது?”

எல்லாரும் திரும்பிப் பார்த்ததில் தையல்காரர் மாட்டிக்கொண்டார். “அண்ணே… சிரிச்ச முகமா இருந்துச்சு, மங்கலமா இருக்கட்டும்னு…”

“முன்பக்கம் வச்சிருக்கலாமே!”

“முன்பக்கம் பெயிண்ட் விளம்பரம் வந்திருச்சுண்ணே.”

அக்கா குறுக்கே வந்தார். “நீங்களே எங்ககூட இறங்கிட்டா உங்க சொந்த முகமே முன்னால தெரியும். இல்லைன்னா அந்தக் கால்வாய் அடைப்பை எடுக்க மண்ணள்ளுற வண்டி அனுப்புங்க. மனுஷன் கையால ஆகிற வேலை இல்ல அது.”

ஏற்கெனவே கூட்டத்தில் பாதிப் பேர் செல்போனில் படம் எடுத்துவிட்டார்கள். அன்று மாலைக்குள் ஊர் முழுக்கக் கவுன்சிலரின் பின்பக்கப் புகழ் பரவிவிட்டது. அதை மறக்கடிக்க வேறு படம் தேவைப்பட்டது. அந்த வாரமே மண்ணள்ளும் வண்டி வந்தது. அதன்மேல் ஏறி நின்று அவர் கையசைத்தார். அவர் எதற்காக அனுப்பினால் என்ன, இடிபாடு போய்க் கால்வாய் திறந்தது.

முதல் பெரிய மழைக்குத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. தண்ணீர் படியருகில் வந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு கால்வாய்ப் பக்கம் ஓடியது. தையல்காரரின் மனைவி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். காய்ந்து கிடந்தது. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதாளா என்று அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கரையோரம் கோரை நட்டார்கள். தையல்காரர் ஞாயிறு தவறாமல் போகிறார். ஒரு நாள் நடுச்சேற்றில் ஒரு பறவை வந்து நின்றது. சிவப்பாக, குச்சிபோல நீளக் கால்கள். உடம்பில் ஒரு பொட்டு சேறில்லை. தையல்காரர் கையிலிருந்த நாற்றை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க அப்படிப் பார்க்குறீங்க?” என்றாள் மனைவி.

“அளவு எவ்வளவு கரெக்டா இருக்கு பாரு” என்றார்.

பறவை ஒரு காலைத் தூக்கி, ஒரு மீனைக் கொத்திக்கொண்டு, அடுத்த எட்டு வைத்தது.