யாரும் கூப்பிடாத நாலு வாரம்

பின்லாந்துக் கடலோரத் தீவு ஒன்றில் இருக்கும் பறவை நிலையத்தில் ஐலா இருபத்துநான்கு வருஷமாக வேலை பார்க்கிறாள். விடிகாலையில் கரையில் நின்று வலசை போகும் வாத்துகளை எண்ணுவாள். மத்தியானம் கணக்கைக் கணினியில் ஏற்றுவாள். பழைய நோட்டுகளை ஆறு குளிர்காலம் உட்கார்ந்து தட்டச்சு செய்து முடித்தவளும், எலி தின்றது போக மிச்சத்தைச் சவுனா என்ற வெந்நீராவிக் குளியலறை அடுப்பில் போட்டு எரித்தவளும் அவள்தான்.

அவ்வளவு தைரியம். கணக்கெல்லாம் சேர்ந்திருக்கும் சர்வரில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும். வேறு எங்காவது ஒரு பிரதி வைக்கலாமே என்று நிலையத் தலைவர் சொன்னபோது, "ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கு. ரெண்டும் சேர்ந்தா சாகும்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். மாற்று டிஸ்க் ஒன்றும் உறை பிரிக்காமல் டிராயரில் கிடந்தது.

ஜூலை முழுக்க லீவு. திரும்பி வந்து சர்வர் இருக்கும் அலமாரியைத் திறந்தவளுக்குத் திக்கென்றது. அதைச் சுற்றி ஒரு கம்பளிப் போர்வை. ஒரு விளக்கும் எரியவில்லை.

"யல்மரி, என்ன இது?"

உடன் வேலை பார்க்கும் யல்மரி காபிக் கோப்பையோடு வந்தான். "நீங்க போன மறுநாளே கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது. உக்காந்து காபி குடிக்க முடியல. அதான் போத்தி விட்டேன்."

 ஒரு டிஸ்க் போனால் அப்படித்தான் கத்தும். டிராயரில் இருப்பதை மாட்டியிருந்தால் பத்து நிமிஷ வேலை.

"அப்புறம்?"

"மூணாவது வாரம் தானா நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

போர்வைக்குள் வெந்து இரண்டாவதும் செத்திருக்கிறது. ஐலா நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதாப்பா?"

"நாலு தடவ போனைக் கையில எடுத்தேன். போன வருஷம் பிரிண்டர் தாள் எங்கன்னு கேட்டதுக்கே, லீவுல இருக்கறவளக் கூப்பிடறது நாகரிகமான்னு ஒரு வாரம் எங்கிட்ட பேசல நீங்க."

நாகரிகம் தெரிந்த ஊர். வீடு பற்றி எரிந்தாலும் லீவில் இருப்பவரைக் கூப்பிட மாட்டார்கள்.

இரண்டு டிஸ்க்கையும் நகரத்தில் திறந்து பார்த்த டேட்டா மீட்பு ஆள் வியாழக்கிழமை கைவிரித்துவிட்டார். ஐலா அதைச் சொன்னதும் யல்மரி எழுந்து போனான். தன் மேஜையிலிருந்து சில தாள்களை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

"நீங்க இல்லாதப்ப எண்ணினது. வந்து ஏத்துவீங்கன்னு எழுதி வச்சேன்."

இருபத்துநான்கு வருஷத்தில் மிஞ்சியது அந்த நாலு வாரம்தான்.