நான் தீர்த்து வைத்த கேள்வி

லாரிக்காரர்களுக்கான ஓர் இணைய மன்றத்தைப் பல வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது, வீட்டில் திட்டு மட்டும் உண்டு. பிழைப்புக்குச் சேலத்தில் ஒரு லாரி உதிரிபாகக் கடையில் பில் போடுகிறேன். இடையிடையே போனில் மன்றம். கிளட்ச் ஏன் வழுக்குகிறது, எந்த செக்போஸ்ட்டில் என்ன காகிதம் கேட்கிறார்கள், எந்த ரோட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

விடை கிடைத்ததும் கேட்டவரே ‘தீர்ந்தது’ என்ற பச்சைக் குறியை அழுத்த வேண்டும். எங்கள் ஆட்கள் ஒருநாளும் அழுத்தமாட்டார்கள். ‘நன்றிங்க அண்ணா’ என்று போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். குறி விழாத கேள்விகள் முகப்பில் சிவப்பாகத் தொங்கும். சிவப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதனால் நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டால் குறியைப் போட்டுவிடுவேன். குறி விழுந்த கேள்விக்குக் கீழே யாரும் எழுத முடியாது. கேட்டவரின் போனுக்கு ‘தீர்ந்தது’ என்று தானாக ஒரு செய்தி போகும். அதே கேள்வி மறுபடி வந்தால் பழையதோடு சேர்த்துப் பூட்டிவிடுவேன். முகப்பு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, மறைப்பானேன்.

இன்னொரு வழக்கம் நான் வைத்ததல்ல. நாமக்கல் பக்கத்து லாரித் தொழிலில் எப்போதும் இருப்பது. ஆளைத் தேடினாலும் வண்டி நம்பரைச் சொல்லித்தான் தேடுவோம். வடக்கே போன டிரைவர் போன் எடுக்கவில்லையா, நம்பரைப் போட்டு ‘யாராவது பார்த்தீங்களா’ என்று கேட்டால் போதும். எதிரே வந்தவர், டோல்கேட்டில் பின்னால் நின்றவர் யாராவது சொல்லிவிடுவார். வண்டி நிற்கிற இடத்தில் ஆளும் இருப்பார். இதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

போன வருடம் கோடையில் அப்படி ஒரு கேள்வி வந்தது. கேட்டது திருச்செங்கோட்டுப் பக்கத்து டிரைவர் ஒருவரின் மனைவி. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போன வண்டி, மூன்று நாளாகப் போன் அணைந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தார். கிளீனர் வைத்து ஓட்டிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. அந்த மனிதர் தனியாகத்தான் போயிருந்தார். மறுநாளே ஒருவர் பதில் போட்டார். நாக்பூர் தாண்டி ஒரு தாபா ஓரத்தில் வண்டி நிற்கிறது, தார்ப்பாய்க் கட்டு கலையவில்லை, லோடு அப்படியே இருக்கிறது. படமும் போட்டிருந்தார். அந்தப் பெண் ‘ரொம்ப நன்றிங்க அண்ணா’ என்று எழுதினார். நான் குறி போட்டேன். கடைக்கு டீ வந்திருந்தது. ஒரு கையில் டம்ளரை வைத்துக்கொண்டே போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அதே நம்பரைத் தலைப்பாக வைத்து இன்னொரு கேள்வி வந்தது. தலைப்பைப் பார்த்தேன், பழையதோடு சேர்த்துப் பூட்டினேன். அடுத்த வாரம் மறுபடியும் வந்தது. இந்த முறை புத்திமதியும் சொன்னேன். ‘இது ஏற்கெனவே தீர்ந்த கேள்வி. புதிதாகக் கேட்கும் முன் தேடிப் பார்க்கவும்.’ அதன் பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து கேள்வி வரவில்லை.

ஒரு மாதம் இருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் கடைப் படியேறி வந்தார். வண்டி முதலாளியிடம் விசாரித்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்.

“ஏனுங்கண்ணா, போன்ல அந்தக் கேள்வியெல்லாம் பாத்துக்கறது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க அம்மணி.”

போனை நீட்டினார். நான் பூட்டிய பக்கம்.

“வண்டிய மொதலாளி வேற டிரைவர உட்டு எடுத்தாந்துட்டாருங்க. லோடும் எறக்கியாச்சு. இப்ப வண்டி மறுக்கா லைனுக்குப் போயிருச்சுங்க. எங்கூட்டுக்காரரத்தான் காணமுங்க.”

நான் பூட்டிவைத்த அந்த இரண்டு கேள்விகளையும் அப்போதுதான் திறந்து படித்தேன். ‘வண்டி இருக்கு, அவர் இல்லை. செருப்பு வண்டிக்குள்ள கிடக்காம். கடைசியா பேசினப்ப நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னார். அந்தப் பக்கம் போறவங்க யாராவது ஆஸ்பத்திரியில விசாரிச்சுச் சொல்லுங்க.’ இது முதலாவது. இரண்டாவதும் கிட்டத்தட்ட இதேதான், இன்னும் கெஞ்சலாக. அந்த நாட்களில் எங்கள் ஊர் வண்டிகள் எத்தனையோ அந்த ரோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தன. யாராவது ஒருவர் நிறுத்தி இறங்கியிருப்பார். அவர்கள் கண்ணில் படாமல் மறைத்தது நான்.

“தீந்துருச்சுன்னு மெசேஜ் வந்துதுங்க” என்றார் அந்தப் பெண். “ஆளக் கண்டுபுடிச்சுட்டாங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க. கோழி எடுத்துக் கொழம்பு வெச்சு, புள்ளைங்களுக்குத் தண்ணி வாத்துட்டு ஒக்காந்திருந்தனுங்க. ரெண்டு நாளு. ஸ்டேஷன்ல போய்க் கேட்டா, வண்டிதான் கெடச்சிருச்சேங்கறாங்க.”

குரலில் கோபமே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். ‘மன்னிச்சுக்கங்க’ என்று சொன்னது எனக்கே அசிங்கமாக இருந்தது.

பச்சைக் குறியை எடுத்தேன். எடுத்து என்ன பயன்? தேதிப்படி அது எங்கோ அடியில் கிடந்தது, அவ்வளவு தூரம் யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள். புதிதாகவே போடுவோம் என்று சொல்லித் தலைப்பை அடிக்க ஆரம்பித்தேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்தார்.

“வண்டி கெடச்சிருச்சுங்களே, அண்ணா.”

என் விரல் பழக்கத்தில் நம்பரைத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அழித்தேன். வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டேன். மூன்று கேள்விகள், அத்தனை பதில்கள், அத்தனை நன்றிகள், அதில் ஒருவரும் அந்த மனிதரின் பெயரைக் கேட்டிருக்கவில்லை. நானும்தான். பையிலிருந்து லைசென்ஸின் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தார். பெயர், வயது, இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, கடைசியாகப் பேசிய நாள். எல்லாவற்றையும் போட்டு, படத்தையும் ஏற்றினேன். பூட்டாமல், குறி போடாமல், முகப்பில் முதலாவதாக வைத்தேன்.

பத்து நிமிடத்தில் போன் சத்தம் கொடுத்தது. அந்தப் பெண் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். முதல் பதில் வந்திருந்தது.

‘வண்டி நம்பர் போடுங்க. நம்பர் இல்லாம எப்படிங்க தேடறது?’

அதற்குக் கீழே ஐந்தாறு பேர் ஆமோதித்துக் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

“என்னங்கண்ணா போட்டிருக்காங்க?” என்று கேட்டார். போனை அவர் பக்கம் திருப்பினேன்.