கடிதம் வராத தோட்டம்

மண் மாதிரி எடுக்கிற வேலையில் இருப்பவரை யாரும் சிரித்த முகத்தோடு வரவேற்பதில்லை; துளைகருவியோடு நாங்கள் வாசலில் நின்றாலே காணி விலை விழுந்துவிடும் என்று ஆட்களுக்குப் பயம். ஜேர்மனியில் ஏதாவது ஒரு அலுவலகத்தில் படிவத்தோடு காத்துக் கிடந்தவரா நீங்கள்? அப்படியானால் இதெல்லாம் உங்களுக்குப் புதினமாக இராது. எனக்குத்தான் அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

ஒரு பை கீரை

அன்று போனது நகரத்துக்கு வெளியே உள்ள வாடகைத் தோட்டத் துண்டுகளுக்கு. முன்னொரு காலத்தில் அங்கே பெயின்ற் தொழிற்சாலை இருந்ததாம். மாநிலச் சுற்றாடல் திணைக்களம் மண்ணைச் சோதிக்கும் வேலையை எங்கள் நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. மூன்றாவது துண்டில் முளைக்கீரையும் பூசணிக்கொடியும் பச்சைப் பசேலென்று நின்றன. அது ஜெசிந்தா அக்காவின் தோட்டம். மன்னார்க்காரி, அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்பவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் நான் எதற்கு வந்தேன் என்பதையே மறந்துவிட்டார்.

தன் தொலைபேசி இலக்கத்தோடு, பிடுங்கிய கீரையையும் ஒரு பை நிறையத் தந்தார். வேண்டாம் என்றால் கோபிப்பார் என்று வாங்கிக்கொண்டேன். "ஆக்கிச் சாப்பிட்டுப் பாருங்கோ, தங்கச்சி. பதினொரு வருசமா நாங்கள் இதைத்தான் சாப்பிடுறம்."

ஆய்வுகூட முடிவு

பத்து நாளில் முடிவு வந்தது. மண்ணில் ஈயம், காய்கறி நடவே கூடாத அளவுக்கு. கீரையை நான் அன்றைக்கே ஆக்கிச் சாப்பிட்டுவிட்டேன். என் ஒரு நேரச் சாப்பாட்டை விடுங்கள், அக்கா சாப்பிட்டது பதினொரு வருசம். ஆனால் அறிக்கை திணைக்களத்துக்கு மட்டும்தான் போகும். வெளியில் வாய் திறந்தால் வேலை போகும். அங்கே சனம் சாப்பிடுகிறதே என்று மேலாளரிடம் கேட்டேன். நல்ல மனுசன்தான், எல்லாருடைய பிறந்தநாளுக்கும் கேக் கொண்டுவருபவர். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நாம் அளக்கிறவர்கள். அறிவிக்க வேண்டியவர்கள் அவர்கள்."

தொலைபேசி

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு வேலை போனால் போகட்டும் என்று ஜெசிந்தா அக்காவுக்கு அழைப்பு எடுத்து, மண்ணில் ஈயம் இருக்கிறது, சாப்பிடாதேங்கோ என்று நேராகவே சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, அவருடைய மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. இரத்தம் குறைவென்று டொக்டர் சொன்னதால் நாள் தவறாமல் அந்தக் கீரையைத்தான் சமைத்துக் கொடுக்கிறாராம். அதை உடனே நிறுத்தச் சொன்னேன்.

அக்கா பதறவேயில்லை. இந்த நாட்டில் குப்பைத் தொட்டியை மாற்றுவதற்குக்கூட முன்கூட்டியே கடிதம் வாங்கிப் பழகியவர். "பயப்பிடாதேங்கோ. அப்பிடி ஏதும் இருந்தா இஞ்ச கடிதம் போடுவாங்கள்தானே."

அமைச்சரின் பதில்

மண்ணைத் துளைத்துக்கொண்டு போனவர்கள் முடிவைச் சொல்லவில்லை என்று வேறொரு தோட்டக்காரர் முறையிட்டதால், மாநிலப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேள்வி எழுப்பினார். வேலை வாகனத்துக்குள் இருந்து கைபேசியில் பார்த்தேன். அமைச்சர் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்கறி நிலத்துக்கு ஈயத்தின் எல்லை ஒன்று. தொழிற்சாலை நிலத்துக்கு வேறொன்று, மிகத் தாராளமானது. பதிவேட்டில் அந்தக் காணி இன்னும் தொழிற்சாலை நிலம். என் களக்குறிப்பில் காய்கறித் தோட்டம் என்று எழுதிப் படமும் வைத்திருந்தேன். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. உறுப்பினர் சத்தம் போட, அவைத் தலைவர் மணியை அடிக்க, அமைச்சர் அமைதியாக வாசித்தார்: "அந்த நிலவகைக்குரிய எல்லை எந்த இடத்திலும் மீறப்படவில்லை."

குழுவில் ஒரு டெர்மின்

அந்த உறுப்பினர் விடவில்லை. என் களக்குறிப்பைக் கேட்டு வாங்கினார். பாராளுமன்றத்தின் சுற்றாடல் குழுவுக்கு முன் என்னையும் நாளும் நேரமும் குறித்து, இங்கத்தைய பாஷையில் டெர்மின் போட்டு, கூப்பிட்டார்கள். நான் எழுதியது உண்மை என்றேன். அதை ஒதுக்கி, தொழிற்சாலை நிலமாகவே மதிப்பிட முடிவெடுத்தது யார் என்று திணைக்கள அதிகாரியிடம் கேட்டார்கள். அவர் கோப்பைப் புரட்டினார், தண்ணீர் குடித்தார், மறுபடி புரட்டினார். "அந்த முடிவை எடுத்த பிரிவு, மறுசீரமைப்பில் கலைக்கப்பட்டுவிட்டது."

தபால்

நான் தொலைபேசியில் சொல்லி மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஜெசிந்தா அக்கா அதை என் வீட்டுக்கே கொண்டுவந்தார். 'முன்னெச்சரிக்கையாக, அங்கு விளைபவற்றை உண்பதைத் தவிர்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது.' யார் பொறுப்பு என்று இல்லை. மன்னிக்கவும் என்றும் இல்லை.

அதற்குக் கீழே இன்னொரு தாளை வைத்தார். மகளின் இரத்தப் பரிசோதனை. இரத்தத்தில் ஈயம். குழந்தையைப் பற்றிப் பிறந்த பிறகுதான் ஏதும் சொல்லலாமாம். அன்றைக்கே அவர் தோட்டத்துக்குப் போய் அந்தக் கீரையைப் பிடுங்கி எறிந்திருக்கலாமே என்று நினைத்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் கடிதத்தை மடித்தார். "நீங்கள் அண்டைக்கே சொன்னனீங்கள். நான்தான் கடிதம் வரட்டுமெண்டு பிள்ளைக்குக் குடுத்துக்கொண்டிருந்தனான்."

இந்த நாட்டு மண்ணில் ஒரு முழம் தோண்டினாலே ஈயம் கிடைத்துவிடுகிறது, பொறுப்பானவர்தான் எவ்வளவு ஆழம் போனாலும் அகப்படமாட்டேன் என்கிறார்.